எட்டு நாள்

ரமோனா கீட்டிங் அரசு வழக்கறிஞராக எங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கு முதல் நாள் வந்தபோது, நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "டைப்பிஸ்ட் நாற்காலி அந்தப் பக்கம்மா" என்றார்.

"அதுல வில்மா உட்கார்ந்திருக்காங்க, ஐயா. நான் வாதாட வந்தவ."

வில்மா நான்தான். மறுமாதமே ரமோனாவின் அலுவலகத்துக்கு எழுத்தராகப் போய்விட்டேன்.

பதினான்கு வருடம் கழித்து, மாநிலத் தலைமை வழக்கறிஞர் தேர்தலில் நின்ற முதல் பெண் அவர்தான். அவர் ஜெயித்த பெரிய வழக்கைத் துண்டறிக்கையில் போட வேண்டும் என்றார் பிரசாரத்தைக் கவனித்த ஹாலிஸ். தானியக் கிடங்குக்குத் தீ வைத்ததாக ட்வைட் பர்செலை உள்ளே தள்ளிய வழக்கு. நிலவறையிலிருந்து அந்த வழக்கின் கோப்பை எடுத்து வந்தேன்.

அதில் ஒரு போலீஸ் குறிப்பு இருந்தது. தீப்பிடித்த நேரத்தில் ட்வைட் முப்பது மைல் தள்ளி வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார் என்று பங்க்காரர் சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட தாளை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்பியே ஆக வேண்டும். அனுப்புவதும், அனுப்பியதும் சிவப்பு முத்திரை குத்துவதும் என் வேலை. அந்தத் தாளில் முத்திரை இல்லை. அதை ரமோனாவிடம் கொடுத்தேன்; நாளைக்கே நீதிமன்றத்தில் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"தேர்தலுக்கு எட்டே நாள், ரமோனா!" என்று ஹாலிஸ் கத்தினார். "ஆறு வருஷம் உள்ள இருந்தவனுக்கு எட்டு நாள் ஒரு பெரிய விஷயமா?"

"நீங்க போய் ஒரு நாள் இருந்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

மறுநாள் காலை ரமோனாவே நீதிபதி முன் நின்று, தப்பு தன்னுடையது, ட்வைட்டை விடுதலை செய்யுங்கள் என்று கேட்டார். என் பெயரை எடுக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

பத்திரிகைகள் ரமோனாவைக் கிழித்துத் தொங்கவிட்டன. ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார்.

அடுத்த வாரம் ட்வைட் அலுவலகத்துக்கு வந்தார். ரமோனா நீட்டிய கையை அவர் தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்காக இவங்க தேர்தலையே தொலைச்சாங்க, தெரியுமா?"

"தெரியும்மா. எட்டு நாள் மிச்சம் பிடிச்சுக் குடுத்தாங்க, நன்றி. அந்த ஆறு வருஷம்? என் பொண்ணு என்னை 'சார்'னு கூப்பிடறா."

ரமோனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அந்தத் தாளை அனுப்பாம விட்டது நான்தான், பர்செல்."

ட்வைட் என் பக்கம் திரும்பினார். இந்த முறை ரமோனா என்னைக் காப்பாற்றவில்லை.