அவர் ஊசி, என் ரத்தம்

ஊசி குத்தினால் விரலை வாயில் வைத்துச் சப்பிவிடுவதுதான் சொர்ணத்தின் வைத்தியம். அன்றும் அப்படித்தான் செய்தாள். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சின்ன நர்சிங் ஹோமில் அவளுக்குப் பதினோரு வருஷமாக ஆயா வேலை. போட்டு முடித்த ஊசியின் துளைக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பெடுத்து, கல்லில் முனை தீட்டி, கொதிக்க வைப்பது அவள் பாடு. தொண்ணூற்றாறிலும் அங்கே கண்ணாடி சிரிஞ்சுதான். சிக்கனம் என்றால் அப்படியொரு சிக்கனம்!

புதிதாக வந்த நர்ஸ் வசந்தகுமாரி பார்த்துவிட்டாள். பாய்ந்து வந்து விரலை வாயிலிருந்து பிடுங்கினாள்.

“துப்பு! வாயைக் கொப்பளி. விரலைப் பிதுக்காத, சோப்புப் போட்டுக் கழுவு.”

“ஊசி குத்துனதுக்கு இன்னா சிஸ்டர் இவ்ளோ ஆர்ப்பாட்டம்?”

“யாருக்குப் போட்ட ஊசி இது?”

காலையில் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர், ஆவடி குவார்ட்டர்ஸ் பக்தவத்சலம். முதுகுவலிக்காக வந்த அவர் இன்னும் பெஞ்சில்தான் சாய்ந்திருந்தார். டாக்டர் ஞானம்மாள் வந்து அவரிடம் கொஞ்சம் ரத்தம் கேட்டார். ரத்தம் வழியாகத் தொற்றும் காமாலையும் எய்ட்ஸும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மனுஷர் முகம் கறுத்துவிட்டது.

“என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?” என்றவர், சொர்ணத்தின் விரலைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

இதுவரை சொர்ணத்துக்கு விளங்கியது. அடுத்து நர்ஸ் அவள் கையையும் பிடித்ததுதான் விளங்கவில்லை.

“குத்துனது அவரு ஊசி. என் ரத்தம் எதுக்கு?”

“இன்னைக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே, பின்னால மாறுச்சான்னு பாக்க முடியும்? ஆறு மாசம் வரைக்கும் திரும்பத் திரும்பப் பாக்கணும்.”

“செவுத்துல கோடு போட்டு புள்ளைங்க ஒசரம் பாக்குற மாதிரியா?”

“அதேதான்.”

கள்ளிக்குப்பம் வீட்டில் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு யார் கதி என்று பயம். ஆனால் பயத்தையும் மீறிக்கொண்டு ஆவல் குடைந்தது. அந்தப் பக்தவத்சலத்தின் ரத்தத்துக்குள் என்னதான் இருக்கும்?

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார்.

“அவருக்கு ஒண்ணுமில்ல, சொர்ணம்.”

சொர்ணம் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“உன் ரத்தத்துலதான் காமாலைக் கிருமி இருக்கு.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. சொர்ணம் கும்பிட்ட கையை இறக்கினாள். ஆனாலும் கேட்டாள்.

“அவராண்ட இல்லாதது எனக்கு எப்படி வந்துச்சு?”

“இப்பக் குத்துனது இதுக்குள்ள ரத்தத்துல தெரியாது. இது பழசு. பயப்படாத, ஈரலுக்கும் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம். இதோட நல்லா இருக்குறவங்க நிறைய பேர். பிள்ளைங்களுக்கும் ரத்தம் பாத்துட்டுத் தடுப்பூசி போட்டுடலாம்.” டாக்டர் பேனாவைத் திறந்தார். “இதுக்கு முன்னாடி எப்பவாவது ஊசி குத்தியிருக்கா?”

சொர்ணம் பத்து விரலையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

“எந்த வெரலக் கேக்குறீங்கோ, டாக்டரம்மா?”