பாத்துக்கறேன், பாத்துக்கலாம்

அளவு நாடாவோடு வந்தவன் காலையிலிருந்து பேக்கரியை அளந்துகொண்டிருந்தான். கதவு, ஜன்னல், நடைபாதை எல்லாம் அவன் தாளில் ஏறிவிட்டன. ஒன்பதடி நீளச் செங்கல் அடுப்பு மட்டும் ஏறவில்லை.

"அதையும் போடுங்க தம்பி," என்றாள் அவள்.

"அது இருக்காதுன்னு ஓனர் சொன்னாருங்க அக்கா."

ஓனர் அவளுடைய அண்ணன்தான். அவளும் கணவனும் பேக்கரி நடத்தும் இடத்தை மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லி, அவள் வீட்டுக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருந்தார்.

மேசையருகே வக்கீலம்மா ஜலதோஷத்தோடு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவள் கணவன் மூன்றாவது முறையாக விளக்கினான். "பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம்னு மச்சான் வாக்குக் குடுத்தாரு மேடம். அத நம்பித்தான் வேலைய விட்டேன், சுவர இடிச்சேன், அடுப்பக் கட்டினேன். இது என்ன சட்டியா, இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போக?"

"எழுத்துல இல்லாட்டியும் வழி இருக்கு. ஒருத்தர் வாக்க நம்பி நீங்க இவ்வளவு செஞ்சிருந்தா, அவர் சுலபமாப் பின்வாங்க முடியாது. ஆனா வாக்கு தெளிவா இருக்கணும். என்ன வார்த்தை சொன்னாரு?"

"'ஒப்பந்தத்த நான் பாத்துக்கறேன்'னு இவகிட்ட ஃபோன்ல சொன்னாரு. கூடப் பிறந்தவ காது, தப்பாது." அவன் கை அவள் நாற்காலியின் முதுகில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் அது அங்கேதான் இருக்கும்.

அன்று ஃபோனை வைத்தபோது அவன் முகத்தில் அத்தனை ஆசை. அந்த முகத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்படியே சொல்லுங்கம்மா. கோர்ட்ல உங்களத்தான் கேப்பாங்க."

"'பாத்துக்கலாம்மா'ன்னுதான் சொன்னாரு. நான்தான் இவர்கிட்ட 'பாத்துக்கறேன்'னு மாத்திச் சொல்லிட்டேன்."

பேனா நின்றது. நாடா சர்ரென்று உள்ளே சுருண்டது.

"அடுப்புக் கட்டறப்ப அவர் வந்தாரா?" என்றார் வக்கீலம்மா.

"ரெண்டு தடவ. இடிச்ச சுவரையும் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. முதல் ரொட்டியப் பிச்சுத் தின்னதே அவர்தான்," என்றாள்.

"பாத்துட்டு சும்மா இருந்திருக்காரு. பிடிச்சுக்க அது ஒண்ணுதான் மிச்சம்." பேனா மறுபடி ஓடியது.

நாற்காலியின் முதுகிலிருந்த கை எப்போது போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. கணவன் அடுப்பருகே நின்று, அளக்க வந்தவனிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, இத இடிக்க எத்தன நாள் ஆகும்?"