சொளகில் கலந்த மாத்திரைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போடியிலிருந்து குரங்கணி போகிற ஜீப்பில் எனக்குக் கிடைத்தது. அரிசி மூட்டைக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சந்திரவல்லி என்ற பெண் சொன்னாள். அவள் தோளில் சாய்ந்து அவள் கணவர் கன்னையன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கிய நேரம் மட்டும் சொன்னாள். கண் விழித்ததும் நிறுத்திவிட்டாள். கதையின் கடைசி வார்த்தை ஒன்றுதான் பாக்கி.

இறங்கிப் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். தெரியாவிட்டால் நான் ஒழுங்காக எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மூடுபனியாய் மஞ்சு இறங்கிய காலையில், ஏலக்காட்டின் பச்சை மணம்..."

வேண்டாம். ஏலக்காய் மணத்தோடு தொடங்கும் கதையைப் போடிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படிப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "இதய நோய் குறித்த மருத்துவ ஆராய்ச்சிகளில், வயது வந்த நோயாளிகளை இரு பிரிவாகப்..."

இது பாடப்புத்தகம். பரீட்சை இல்லாமல் யாரும் படிக்க மாட்டார்கள்.

[ஒரு பிரதியில் நோயைப் புற்றுநோய் என்று மாற்றியும் பார்த்தேன். புற்று என்றதும் வாசகர் முதல் பக்கத்திலேயே அழத் தயாராகிவிடுகிறார். நெஞ்சு நோய் அப்படியில்லை. இன்று திணறவைக்கும், நாளை ஒன்றுமே நடக்காததுபோல் வேலைக்கு அனுப்பும். அதனால் உள்ளதையே வைத்துக்கொண்டேன்.]

3

வருஷம் எழுபத்தொன்பதோ எண்பதோ. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீட்டில் அக்காளும் தங்கையும் குடியிருந்தார்கள். இருவரும் போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். அக்காள் அன்னக்கொடி, அவள் கணவர் அழகுமலை. தங்கை சந்திரவல்லி, அவள் கணவர்தான் நாம் ஜீப்பில் பார்த்த கன்னையன். சகலைகள் இருவருக்கும் நெஞ்சு பலவீனம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும்.

மதுரையிலிருந்து டாக்டர் ராஜாராம் ஜீப்பில் ஏறி வந்தார். நெஞ்சு நோய்க்குப் புதிதாக ஒரு மருந்து, அது உண்மையில் உதவுகிறதா என்று ஆராய்ச்சி. தோட்டத்தில் ஏழெட்டு நோயாளிகளைச் சேர்த்து ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். உள்ளே ஒரே மாதிரி வெள்ளை மாத்திரைகள்.

"பாதி டப்பாவுல மருந்து இருக்கு, பாதியில வெறும் மாவு. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மதுரையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சா என் ஆசைக்கு ஏத்த மாதிரி எழுதிருவேன். அதனாலதான் இப்படி. அடுத்தவங்க டப்பாவ யாரும் தொடக்கூடாது. சம்மதம்னா வாங்கிக்கிடுங்க."

எல்லோரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள்.

[இங்கே எனக்கு டாக்டர்மேல் பொறாமை. தன் ஆசை உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவைத்துவிட்டு வேலை பார்க்கிற மனிதர். நான் கதவையே கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறவன்.]

4

சித்திரையில் மாத்திரை தொடங்கியது. ஆடிக்குள் அழகுமலை மேல்காட்டுக்கு ஏறத் தொடங்கிவிட்டார். மஞ்சுக்குள் நுழைந்து, ஏலச்செடிகளின் தலைக்கு மேலே மிதப்பதுபோல் போய், வெயிலில் வெளிவந்து நின்று கையசைப்பாராம். கீழே அன்னக்கொடி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். வேலை ஓடாதாம். இதைச் சொல்லும்போது சந்திரவல்லி சிரித்தாள், எனக்கும் அந்த மஞ்சுக்குள் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும்போல் இருந்தது.

கன்னையனோ படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தார். கால் வீங்கிவிட்டது. அழகுமலைக்கு வாய்த்தது மருந்து டப்பா, கன்னையனுக்கு வாய்த்தது மாவு என்று லயமே முடிவுகட்டிவிட்டது.

[டாக்டர் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். மாவு சாப்பிடுகிறவர்களுக்கும் நம்பிக்கையில் மூச்சு தெளிவதுண்டு, மருந்து சாப்பிடுகிறவர்களும் சரிவதுண்டு என்பார். கண்ணால் பார்த்ததை நம்பக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை டப்பாக்கள்.]

வழி சொன்னவள் இருளம்மாள். அவளும் ஒரு டப்பாக்காரி.

"பாதி டப்பாவுல மருந்து, பாதி டப்பாவுல மாவுன்னுதான சொன்னாரு. அம்புட்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து கூறு போட்டா ஆளுக்குப் பாதி மருந்து வந்துரும்ல. கெடா வெட்டுனா ஒருத்தனுக்குக் கறி, ஒருத்தனுக்கு எலும்புன்னா குடுக்கோம்?"

இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். கோயில் கெடாவைக் கூறு போட்டே வளர்ந்தவர்களுக்கு இதைவிட நேர்மையான யோசனை தோன்றியிருக்க முடியாது. பாதி மருந்து பாதி உயிரைக் காப்பாற்றுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

5

ஏலக்காய் புடைக்கிற பெரிய சொளகு ஒன்றை வாசலில் வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து டப்பாவைக் கவிழ்த்தார்கள். அன்னக்கொடி மட்டும் வரவில்லை. அரிசிப் பானைக்குள் டப்பாவைப் புதைத்துவிட்டு, பானைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தங்கைதான் உள்ளே போனாள்.

"அக்கா, ராப்பூராம் உக்காந்தே கெடக்காருக்கா."

"தெரியும்டி. செவுத்துக்கு இந்தப் பக்கந்தான நானும் கெடக்கேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னடி அப்பறம். எம்புருசன் இப்பத்தான் நாலு எட்டு ஏறுறாரு."

[முதல் பிரதியில் அன்னக்கொடியைக் கல்நெஞ்சக்காரியாக்கினேன். இரண்டாவதில் தெய்வமாக்கினேன். இரண்டும் புளுகு. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பதைக் கெட்டவர்களா சொல்லிவைத்தார்கள்? அவளுக்கு மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.]

அப்போது அழகுமலை காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து வந்தார். மனைவியையும் கொழுந்தியாளையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"சகல அங்கிட்டு முனங்கிக்கிட்டே கெடந்தா எனக்கு எங்கிட்டு ஒறக்கம் வருது. கொண்டா புள்ள."

அன்னக்கொடி அசையவில்லை. அவரே பானைக்குள் கைவிட்டு எடுத்தார். அரிசி ஒட்டிய டப்பாவை அப்படியே கொண்டுபோய்ச் சொளகில் கவிழ்த்தார். இருளம்மாள் கையால் அளைந்து கலந்தாள். அதற்குப் பிறகு எது யாருடையது என்று கடவுளாலும் பிரித்திருக்க முடியாது.

6

புரட்டாசியில் கன்னையன் மூச்சுத் திணறாமல் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். அழகுமலைக்கு மூச்சு மறுபடி வாங்கத் தொடங்கியது. ஐப்பசி அடைமழையில் காய் எடுக்கப் போன இடத்தில், ஏலச்செடிகளுக்கு நடுவே

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. அவர் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.)

அதன்பிறகுதான் டாக்டருக்கு விஷயம் தெரிந்தது. அவர் யாரையும் திட்டவில்லை என்றாள் சந்திரவல்லி. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த சொளகைப் பார்த்தபடி நின்றாராம். மீதி மாத்திரைகளை வாங்கிக்கொண்டார். கன்னையனையும் மற்றவர்களையும் வழக்கமான வைத்தியத்துக்கு மாற்றினார்.

"உங்க எல்லாரோட விவரத்தையும் ஆராய்ச்சியில இருந்து எடுத்துரணும். இது எதுக்குமே இனி உதவாது. பின்னால வர்றவங்களுக்காகத்தான் அவ்வளவு சொன்னேன்."

அவர் சொன்னது சரி. முகம் தெரியாத ஆயிரம் பேருக்காக அவர் மலையேறினார். இவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் முனகிய ஒருவருக்காக அதைக் கலைத்தார்கள். இரண்டையும் நிறுக்கச் சொன்னால் நான் தராசைக் கீழே வைத்துவிடுவேன்.

[போன வாரம் மதியத் தூக்கத்தில் அழகுமலை வந்தார். சாயா கேட்டார். குடித்துவிட்டு என் மேசைமேல் இருந்த வெள்ளைத் தாள்மேல் ஏறி, மூச்சு வாங்காமல் நடந்து மஞ்சுக்குள் போய்விட்டார். எனக்குச் சொல்ல எதையாவது வைத்திருப்பார் என்று விழித்தபிறகும் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை.]

7

மறு வருஷம் ஆராய்ச்சி முடிந்தது. எந்த டப்பாவில் எது என்பதை மதுரையில் வெளியிட்டுவிட்டார்கள். டாக்டர் ராஜாராம் வேலை மெனக்கெட்டு மறுபடி மலையேறி வந்தார். அன்னக்கொடியின் வாசலில் அக்காளும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அழகுமலை டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியணும்னா சொல்றேன். வேணாம்னா இப்படியே போயிர்றேன்."

ஜீப்பில் இந்த இடம் வந்ததும் நானாகவே முடித்துவிட்டேன். மாவு என்று சொன்னால் அன்னக்கொடி பிழைத்தாள், சொளகு புருஷனின் உயிரைப் பாதியாக்கவில்லை என்று நிம்மதியாவாள். மருந்து என்றால் உடைந்துபோவாள். முடிவு அ, முடிவு ஆ, இரண்டும் மனதில் தயார்.

இரண்டுமே தப்பு. அங்கே முதலில் வாய் திறந்தது சந்திரவல்லி.

"மாவுன்னு சொல்லிருங்க சார்."

"நீ சும்மா இருடி," என்றாள் அன்னக்கொடி. "மருந்துன்னு சொல்லுங்க சார். மாவுன்னா எம்புருசன் சகலைக்கு என்னத்தக் குடுத்துட்டுப் போனாரு?"

"மருந்துன்னா நான் ஒந்தாலியத் தின்னவளாயிருவேனேக்கா."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

ஜீப்பில் கன்னையன் கண் விழித்தது இந்த இடத்தில்தான். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

டாக்டருக்குப் பொய் வராது. அதனால் அவர் வாயிலிருந்து வருவது உண்மையாகத்தான் இருந்திருக்கும். எனக்குப் பொய் நன்றாக வரும். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வர மறுக்கிறது. எழுதி எழுதி அடித்துவிட்டேன். அன்னக்கொடிக்குப் பிரியமானதை எழுதினால் தங்கையைப் பார்க்க முடியவில்லை. தங்கைக்காக எழுதினால் சொளகில் டப்பாவைக் கவிழ்த்த மனிதரின் கை வெறுங்கையாகிவிடுகிறது.

ஆகவே வாசகரே, டாக்டர் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். இருவரும் உங்கள் வாயைத்தான் பார்க்கிறார்கள், ஒருவர் கையை ஒருவர் இன்னும் விடவில்லை. ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கை தளரும். யாருடைய கை என்பதை என்னிடம் சொல்ல வேண்டாம்.