எண்ணெய் பழகிய தட்டு

இரும்புக்கடைக்காரர் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னது மொத்தமே நாலு வரி. "இது பேரு ஸ்லூஸ் பெட்டி. ஓடுற தண்ணியில சரிவா வைங்க. மேல்பக்கம் மண்ணைப் போடுங்க. தங்கம் இருந்தா உள்ளே நிக்கும்." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஐந்தாவதாக இன்னொன்றும் சொன்னார். "இல்லேன்னா உங்க இடுப்பு நிக்காது."

இருபத்திரண்டு வருஷம் ஒரு பள்ளி விடுதியில் சமைத்தவள் அவள். விடுதியை மூடிய அன்றே தம்பி வேனோடு வாசலில் வந்து நின்றான். அவனுக்குக் குழாய் வேலை. மனைவி ஆஸ்பத்திரியில் ராவும் பகலுமாக ஷிப்ட் பார்ப்பவள். மூன்று பிள்ளைகள்.

"வீட்டுக்கு வந்துடுக்கா. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. நீயும் வந்து சும்மா இரு, போதும்."

அந்த வீட்டில் எந்த இடத்தில் நின்றுகொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அடுப்புக்கு முன்னால்.

"நான் ஆத்துல தங்கம் எடுக்கப் போறேன்டா" என்றாள்.

எப்போதோ ஒரு பழைய பத்திரிகையில் பார்த்த படம்தான் காரணம். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். அவளைச் சுற்றி யாருமே இல்லை. கையில் தட்டோடு வரிசையில் ஒருத்தரும் நிற்கவில்லை. தங்கத்தைவிட அதுதான் அவள் மனசில் ஒட்டிக்கொண்டது.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான்.

"சரி, ஒரு மாசம். நாலாவது ஞாயித்துக்கிழமை வருவேன். தங்கம்னு ஏதாவது ஒண்ணை என் கண்ணுல காட்டு, உன்னை உன் போக்குல விட்டுடுறேன். இல்லேன்னா மறுபேச்சு பேசாம வண்டியில ஏறணும்."

"ஏறுறேன்."

ஆற்றங்கரையில் தகரக்கூரை போட்ட ஓர் அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஆற்றைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். பெட்டியையும் மண்வாரியையும் ஒரு வாளியையும் சுவரோடு சாய்த்து வைத்தாள். மண் கழுவுவதற்கென்று வாங்கிய இரும்புத் தட்டை மட்டும் உடனே அடுப்பில் ஏற்றினாள். புது இரும்பு எதுவும் அவள் கையில் அப்படியே புழங்கியதில்லை. சூடாக்கி, எண்ணெய் தடவி, ஆறவிட்டு, மறுபடி தடவி, மூன்று தரம் பழக்கினாள். தட்டு கறுத்து மினுமினுத்தது. இனி துருப்பிடிக்காது.

முதல் நாள் ஆறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடிப் பிடித்தாள். மறுநாள் இரண்டு பக்கமும் கல் அடுக்கி இறுக்கினாள். சரிவு போதவில்லை, மணல் கட்டிப்போன சோறு மாதிரி பெட்டிக்குள் அடைத்து நின்றுவிட்டது. சரிவை ஏற்றினாள், போட்டது எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே போயிற்று. ஒரு வாரம் இப்படியே. யாரும் சொல்லித் தரவில்லை. தீயைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுபோல் தண்ணீரையும் பார்த்துப் பார்த்துக் கற்றாள். கூழாங்கற்கள் தடுக்காமல் உருண்டு போக வேண்டும். பெட்டிக்குள் அடித்திருந்த குறுக்குச் சட்டங்களின் பின்னால் கருமணல் மட்டும் பிறை பிறையாகத் தங்க வேண்டும். அப்படித் தங்கிய அன்று அவளுக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினாள். எதிர்க்கரையிலிருந்து ஒரு பறவை எழுந்து போனது.

கீழ்வளைவில் ஒருத்தர் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு தங்கம் தேடிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது கேட்பார்.

"என்ன சமையலம்மா, வெந்துச்சா?"

"இன்னும் கொதிக்கவே இல்லைங்க."

ஒரு நாளில் அவள் பேசுவது அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அவரும் மூட்டையைக் கட்டிவிட்டார். "இங்க ஒண்ணும் தேறாது. நான் வேற ஆத்துக்குப் போறேன். நீங்களும் கிளம்புங்க" என்றார். அதற்குப் பிறகு கேட்கவும் ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து, கையில் கல் விழுந்தபோது "அம்மா" என்றாள். தொண்டை கரகரத்து யாருடைய குரலோபோல் வந்தது. விடுதியில் இருநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று கத்தும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். இங்கே மாலையில் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போடும்போது, கை பழக்கத்தில் இரண்டாவது பிடியையும் அள்ளிவிடும். திரும்பக் கொட்டுவாள்.

ஆனாலும் தம்பி வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

தினமும் சாயங்காலம் பெட்டியின் அடி விரிப்பை வாளியில் அலசி, கருமணலைத் தட்டில் போட்டு, சுழற்றிச் சுழற்றிக் கழுவுவாள். கடைசியில் கருமணல் இருக்கும். வேறொன்றும் இருக்காது. தட்டைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி, மாட்டிவிட்டுப் படுப்பாள்.

நாலாவது சனிக்கிழமை. மறுநாள் தம்பி வருவான் என்று மத்தியானமே கழுவத் தொடங்கினாள். தட்டைச் சாய்த்தபோது தண்ணீரின் மேல் மஞ்சள் பொடி மிதந்து விளிம்புக்கு வந்தது. இந்த மாசம் முழுக்கப் பார்ப்பதுதான். கரை மரங்கள் பூத்துக் கொட்டிய பூந்தூள் என்று நினைத்து, விளிம்பைத் தாழ்த்தித் தள்ளிவிடுவாள். இன்றும் தள்ளப் போனவள், தலையைத் தூக்கி மரங்களைப் பார்த்தாள். பூத்து ஓய்ந்து பத்து நாளாகிறது. கிளைகளில் இலைதான் இருந்தது.

பிறகு இது எங்கிருந்து வந்தது?

குனிந்து பார்த்தாள். தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம். அதன் மேல் சவாரி செய்துகொண்டு மஞ்சள் துகள்கள். கொழுப்பு மிதக்கும் சூப்பில் மிளகுத்தூள் தூவினால் அடியில் போகாது, மேலேயே நீந்தும். அதை இருபத்திரண்டு வருஷமாகக் கரண்டியால் கலக்கியவள் அவள்.

கல்லின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அடிப் பைத்தியக்காரி" என்று உரக்கச் சொன்னாள். "எடுத்த தங்கத்தை எல்லாம் எண்ணெய் போட்டு வழியனுப்பி இருக்கியேடி!"

அழுகை வந்தது. அழ நேரமில்லை. தட்டை அடுப்பில் கவிழ்த்து, எண்ணெய் புகைந்து தீரும்வரை எரித்தாள். சாம்பலும் சோப்பும் போட்டு நகம் தேயத் தேய்த்தாள். தன் கையால் பழக்கிய இரும்பை வெளுக்கத் தேய்ப்பது என்னவோபோல் இருந்தது. மிச்ச எண்ணெயும் கலைய, கழுவும் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டாள். பொழுது சாயும்வரை வாரி வாரிப் போட்டாள். கடைசிச் சுழற்றலில் கருமணல் விலகியது. அடியில் ஏழு துகள்கள், நகர மாட்டேன் என்று நின்றன.

பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் திரும்பினாள். மண்வாரிதான் நின்றது.

ஞாயிறு காலை தம்பி வந்தான். வேனில் புது மெத்தை ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

"எங்கக்கா தங்கம்? எங்க வச்சிருக்க, பீரோ வேணுமா?"

"வாயை மூடிட்டு இங்க வாடா."

வெயிலில் தட்டை நீட்டினாள். குனிந்து பார்த்தவன், "அடேயப்பா!" என்றான். "நகம் அகலத்துக்கு இருக்கே! என்னமா ஜொலிக்குது! நீ கெட்டிக்காரிதான்க்கா. சரி, நான் தோத்தேன்."

அவன் விரல் தொட்டது தங்கத்தை அல்ல. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த காக்காப்பொன் தகடு. சும்மா இருந்தால் போதும், வேன் திரும்பிப் போய்விடும். அவள் ஒரு நிமிஷம் சும்மாதான் இருந்தாள்.

"அது காக்காப்பொன்னுடா. வெறும் கல்லு" என்றாள். "தங்கம் இது."

"எது?"

"நீ கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லு."

அவன் நிழல் தட்டின் மேல் விழுந்தது. பெரிய தகடு செத்ததுபோல் மங்கிப் போனது. ஏழு பொட்டுகள் மட்டும் நிழலிலும் மஞ்சளாகவே இருந்தன. அவன் வெகுநேரம் பார்த்தான். சிரிக்கவில்லை.

"இத்துனூண்டுக்கா ஒரு மாசம்?"

"ஆமா."

"மூக்குத்தி முனைக்குக்கூடக் காணாதேக்கா."

"காணாது. கண்ணுல தெரியுதா, இல்லையா?"

"தெரியுது." தலையைச் சொறிந்தான். "பிள்ளைங்க கிட்ட அத்தை வருவாங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் குனிந்து தட்டைப் பத்திரமாகக் கல்லின் மேல் வைத்தாள். பதில் சொன்னால் வண்டியில் ஏறிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அவன் மெத்தையை இறக்கி அறைக்குள் போட்டான். வேண்டாம் என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு வேன் கிளம்பியது. அதன் சத்தம் எங்கே முடிந்து ஆற்றின் சத்தம் எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் நேற்றைவிட ஒரு விரல் குறைந்திருந்தது. அடியில் தட்டையான கல் ஒன்றைச் செருகி, சரிவைச் சரிபார்த்து, முதல் மண்ணை வாரிப் போட்டாள்.