கத்தரி விழாத அறிக்கை

லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டி நின்றதா, நான்காவதைத் தாண்டியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறிக்கைக் கோப்பை அதன் கதவு இடுக்கில் நுழைத்தது நான்தான் என்று நினைக்கிறேன். தான்தான் நுழைத்ததாக டைப்பிஸ்ட் அக்கா சொல்கிறார். மற்றதை நினைவிருக்கிற அளவுக்கு எழுதுகிறேன்.

வெளியுறவு அமைச்சகத்தில் எனக்கு அறிக்கை எழுதும் வேலை. கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். காயத்துக்குக் கட்டுப்போட்டவர்களைப் பிடித்துப்போனார்கள். டைப்பிஸ்ட் அக்காவின் தம்பி அங்கே நர்ஸாக இருந்தார்; பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர். அதே தளபதிகளுக்கு நாங்கள் விற்ற கவச வண்டிகளோடு ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது.

"வண்டி கைக்குப் போயிட்டா அப்புறம் நம்ம பேச்ச யாருப்பா கேப்பா?" என்றார் அக்கா.

நான் எழுதுவது துணைச் செயலர், இணைச் செயலர், செயலர் என்று மூன்று மேசை ஏறும். ஆளுக்கு ஒரு படி காரத்தைக் குறைப்பார்கள். 'கண்டிக்கிறோம்' முதல் மேசையில் 'வருந்துகிறோம்' ஆகும், அடுத்ததில் 'கவலை கொள்கிறோம்', கடைசியில் 'கவனித்து வருகிறோம்'. அதனால் பேரத்துக்கு விலை சொல்வதுபோல ஏற்றியே எழுதுவேன். அன்று, 'கப்பலைத் திருப்பி அழைக்கிறோம். மருத்துவ ஊழியர்களை விடும்வரை ஒரு திருகாணிகூடத் தர மாட்டோம்' என்று எழுதினேன். ஒரு 'கவலை'யாவது தேறட்டும் என்றுதான்.

நாலு மணிக்கு அமைச்சர் பத்திரிகையாளர்களிடம் வாசிக்க வேண்டும். மூன்றரைக்கு அதிகாரிகள் மூவரும் ஒரு பிரிவுபசாரத்துக்குக் கிளம்பி ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே விளக்கும் போய்விட்டது.

"சார், அறிக்கைல மூணு பேரு கையெழுத்தும் வேணும்!" என்று வெளியிலிருந்து கத்தினேன்.

"இருட்டுல எப்படிய்யா படிக்கிறது? ஐயோ, என் கால்!"

"மன்னிக்கணும் சார், சுவர்னு நெனச்சேன்."

"ஏய்யா, வழக்கம்போல எழுதினதுதானே?" என்று உள்ளேயிருந்து செயலர் என்னைக் கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"வழக்கம்போல எழுதினதுதான் சார்," என்றார் அக்கா. அதில் பொய் ஏதும் இல்லை.

கோப்பு இடுக்கு வழியே போய், மூன்று கோணல் கையெழுத்துகளோடு திரும்பி வந்தது. அமைச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு பேரும் குறைச்சதுக்கு அப்புறமும் இவ்வளவு காரமா? அப்போ அங்க நெலம அவ்வளவு மோசமா! எனக்கு ஒருத்தரும் சொல்லலயே!"

கையெழுத்துப் போட்டார். போய் முழங்கினார். வழக்கமாகக் கொட்டாவி விடும் பத்திரிகையாளர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

நானும் அக்காவும் மாடிப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: "நாளைக்கு மாத்திடுவாங்களாப்பா?"

மாற்றத்தான் பார்த்தார்கள். 'நேற்றைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம்' என்று மறுப்பு எழுதச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எதையும் ஏற்றாமல் எழுதிக்கொடுத்தேன். மூவரும் ஆளுக்கு ஒரு படி குறைத்தார்கள், கை பழகிப்போயிருந்தது. 'நேற்றைய எங்கள் அறிக்கையை நாங்கள் கவனித்து வருகிறோம்' என்று அது வெளியானது. அக்கா அதைத் தட்டச்சு செய்யும்போது நாற்காலியிலிருந்து விழப்பார்த்தார்.

கப்பல் திரும்பி வந்தது. தளபதிகள் மருத்துவ ஊழியர்கள் நாற்பது பேரை விட்டார்கள். மற்ற கைதிகளை விடவில்லை. அறிக்கை வாசித்த பத்தொன்பதாம் நாள் அக்காவின் தம்பி வெளியே வந்தார், வலது காது கேட்காமல். தம்பி இப்போது அக்காவின் வீட்டில் இருக்கிறார். அமைச்சருக்கு விருது கிடைத்தது, அதிகாரிகள் மூவருக்கும் பதவி உயர்வு. தளபதிகள் மேலும் ஆறு வருடம் ஆண்டார்கள். என்னை அமைச்சக நூலகத்துக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றேன்.