மாடு நகர்ந்துவிட்டது

புள்ளி மாடு ஏமாற்றிவிட்டது.

டீச்சருக்கு அது உறைத்தபோது எதிரே பாதை இல்லை. முள்வேலி. அதற்கப்பால் சேற்றுக் குட்டை. பின்னால், நீளக் கயிறு ஒன்றைப் பிடித்தபடி மழலை வகுப்பு மொத்தமும். கடைசியில் ஆயாம்மா, மூச்சு வாங்க.

"என்ன டீச்சர், பாதை முடிஞ்சு போச்சு?"

"முடியல ஆயாம்மா. ஒளிஞ்சிருக்கு."

சிரிக்க முயன்றாள். வரவில்லை. 'பூவும் புழுவும் சுவத்துப் படத்துல இருக்கு, அது போதாதா?' என்ற பெரிய டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிய வயல்வெளி நடை இது. நிபந்தனை ஒன்றுதான். பெற்றோர் வரும் நேரத்தில் பிள்ளைகள் கேட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் இதுவே முதலும் கடைசியும்.

அதனால்தான் போகும்போதே அடையாளம் வைத்திருந்தாள். பாதை பிரியும் இடத்தில் புள்ளி மாடு. திரும்பும்போது அங்கே இடது பக்கம். திரும்பும்போது மாடு நின்றது. பாதையும் பிரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

"மாடு நடக்கும் டீச்சர்" என்றாள் கேள்வி. ஓயாமல் கேட்பதால் அந்தச் சிறுமிக்கு வகுப்பே வைத்த பெயர். "அதுக்குக் காலு இருக்குல்ல?"

"அப்பவே சொல்றதுக்கென்னடி?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

டீச்சர் போனை எடுத்தாள். சிக்னல் சுத்தமாக இல்லை.

"போறப்ப காத்து மூஞ்சில அடிச்சுது" என்றான் வாலு, வகுப்பின் அறுந்த வால். "என் தொப்பிகூடப் பறந்துச்சு."

"சபாஷ்! அப்போ இப்போ முதுகுல அடிக்கணும்!"

காற்றுக்கு முதுகைக் காட்டி அணிவகுத்தார்கள். சோளக்கொல்லை ஓரமாக நடந்து ஒரு வாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்ததும், குபீரென்று காற்று முகத்தில் அறைந்தது.

"டீச்சர், காத்துக்கும் காலு இருக்கா?"

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தாள். இடமா? வலமா? அந்தக் கணத்தில் சோளத்தட்டை சலசலத்தது. ஏதோ ஒன்று நெருங்கி வந்தது. கயிறு விறைத்தது. ஆயாம்மா குடையை ஓங்கினாள்.

வெளியே வந்தவர் பெரிய டீச்சர். தலையெல்லாம் சருகு. ஒரு செருப்பு கையில்.

"நல்லவேளை வந்தீங்க மேடம்! எந்தப் பக்கம் போகணும்?"

"என்னையா கேக்கிறே? உங்களைத் தேடித்தானே நான் வந்தேன்!"

"நீங்க வந்த வழி?"

பெரிய டீச்சர் சோளக்கொல்லையைத் திரும்பிப் பார்த்தார். "அங்க ஒரு புள்ளி மாடு நின்னுச்சு..."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

இதற்குள் வாலு கயிற்றை விட்டு வாய்க்கால் ஓரம் குத்தவைத்திருந்தான். "டீச்சர், இது நம்ம வாய்க்கால்தான்! போறப்ப இதுல ஒரு இலை விட்டேன். அது என்கூட வராம ஸ்கூல் பக்கமே ஓடிருச்சு. நான் அழுதேன்ல?"

நம்பலாமா? மாட்டை நம்பியாயிற்று. காற்றையும் நம்பியாயிற்று.

"தண்ணிக்குக் காலு இல்லையா?" கேள்வி விடவில்லை.

"இருக்கு. ஆனா அதுக்குத் திரும்பத் தெரியாது" என்றான் வாலு.

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபேச்சில்லாமல் தண்ணீர் ஓடும் பக்கம் நடந்தார்கள்.

பள்ளியின் ஓட்டுக்கூரை தெரிந்தபோது கேட்டில் பெற்றோர் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்க போயிட்டீங்க மேடம்?" என்று பாய்ந்தார் ஓர் அப்பா.

டீச்சர் வாயைத் திறக்குமுன் கேள்வி முந்திக்கொண்டாள். "தொலைஞ்சு போயிட்டோம்! பெரிய டீச்சரும் தொலைஞ்சு போயிட்டாங்க!"

கூட்டம் பெரிய டீச்சர் பக்கம் திரும்பியது. போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் தரையைப் பார்த்தாள்.

பெரிய டீச்சர் நிதானமாகச் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார். "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கப் போயிருந்தோம். பாத்துட்டோம்" என்றார், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரமும் போறோம். நானும் வரேன்."

ஜெயித்துவிட்டோமா, மாட்டிக்கொண்டோமா? டீச்சருக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தலையை மட்டும் எல்லாப் பக்கமும் ஆட்டி வைத்தாள்.