ஈரமாமாவுக்கு ஒரு வார்த்தை

அந்தக் குடைக் கம்பெனியில் வேலையை விட்டுப் போகிற யாராக இருந்தாலும் முதலாளி ஒரு குடை கொடுப்பார். கூடவே ஒரு பேச்சு. "குடைபோல நம்மைக் காத்தவர்" என்று ஆரம்பிக்கும். டிரைவருக்கும் அதே பேச்சுதான், கணக்கு எழுதுகிறவருக்கும் அதே பேச்சுதான். போகிறவர்கள் பேச்சை ஹாலில் விட்டுவிட்டு, குடையை வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். அங்கே தொங்கிய குடைகளின் நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து வாட்ச்மேன் வெளுத்தே போனார்.

இந்தத் தடவை கிளம்புகிறவர் ஈரமாமா. சோதனை அறையில் கூரைக் குழாய்கள் மழையாய்க் கொட்ட, குடையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பது அவர் வேலை. நின்று பார்த்துவிட்டு "ஒழுகுது" என்பார், அல்லது "ஒழுகல" என்பார். வேறு பேச்சு கிடையாது. அவர் தோளில் காளான் முளைத்தது எல்லோருக்கும் தெரியும். லீவு நாளில் அத்தை அவரைக் கொடியில் காயப்போட்டு, காற்றில் பறந்துவிடாமல் காதில் கிளிப் மாட்டுவாள். சட்டைப்பையில் குடியேறிய தவளை ஒன்று அங்கேயே பேரன் பேத்தி எடுத்தது.

தையல் அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தைத்ததெல்லாம் ஒழுகும். மாமா அந்தக் குடைகளை மேஸ்திரி கண்ணில் காட்டாமல், சொட்டச் சொட்ட நடந்து வந்து அவள் மடியிலேயே வைத்துவிட்டுப் போவார். அதை அவள் மறக்கவில்லை.

"இந்த மனுஷன் காதுல இவருக்குன்னே ஒரு வார்த்தை விழணும். விழாம விடமாட்டேன்."

"முதலாளிக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு பேச்சுதான் அக்கா. அதுவும் அவங்கப்பா எழுதிக் கொடுத்தது," என்றான் குடைக்குப் பிடி மாட்டுகிறவன்.

"அப்போ இன்னொண்ணு வரவைக்கிறேன்."

நேரே முதலாளியிடம் போனாள். "ஐயா, இந்த விழாவைச் சோதனை அறையில வைப்போம். மாமா சேர்ல உட்காரட்டும். நீங்க மழையில நம்ம குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க."

"நானா? மழையிலயா?"

"ஏங்கய்யா, நம்ம குடை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். "யாருக்கு நம்பிக்கை இல்ல? புதுசா ஒண்ணு எடுத்துட்டு வா!"

புதுசு என்றால் அப்படி ஒரு புதுசு. மாமா வேலையை ஒப்படைத்த பிறகு தைத்தது, யாரும் மழையில் பிடித்துப் பார்க்காதது. தெரிந்தேதான் அக்கா அதைப் பவ்யமாக நீட்டினாள்.

முதலாளி குடையோடு கீழே நிற்க, அக்கா குழாயைத் திறந்தாள். மாமா சேரின் நுனியில் உட்கார்ந்து, காய்ந்த சட்டை போட்ட கூச்சத்தில் நெளிந்தார்.

"குடைபோல நம்மைக் காத்த..." என்று முதலாளி ஆரம்பித்தார். மூக்கில் ஒரு சொட்டு. பிறகு பிடரியில் ஒரு ஓடை. மீசையின் கறுப்பு சட்டைக்குக் குடிபெயர்ந்தது.

"ஒழுகுது," என்றார் மாமா.

"குழாயை மூடு!"

அக்காவின் கை குழாயிலேயே இருந்தது. "பேச்சு முடியலையேய்யா."

முதலாளி குடையைத் தூக்கி எறிந்தார். பல் கிட்டியது. எதிரே உட்கார்ந்திருந்தவரை அப்போதுதான் பார்க்கிறவர்போலப் பார்த்தார். "இத்தனை வருஷமும் இந்தக் குளிர்லயா நின்னீங்க?"

மாமா தலையாட்டினார்.

"நீங்க நனைஞ்சதாலதான் நம்ம குடை வாங்கின ஒருத்தரும் நனையல. நான் ஒரு நாள்கூட இந்தக் கதவைத் திறந்து பார்க்கல, மாமா."

யாரும் கைதட்டவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டியது. மாமா எழுந்து, மழைக்குள் போய், தன் தோளில் கிடந்த துண்டை முதலாளியின் தலையில் போட்டார். பிறகு, கேட்ட பேச்சைச் சோதித்து முடித்தவர்போல அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஒழுகல," என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் குழாயை மூடினாள்.